விற்காத தட்டு எப்படி லாபமாகிறது? பீங்கான் பாத்திரக் கம்பெனியின் அரையாண்டு அறிக்கையைப் படிக்கும் வழி

பீங்கான் தட்டும் கோப்பையும் செய்யும் ஒரு கம்பெனியின் அரையாண்டு அறிக்கையை நான் முதன்முதலில் படித்தபோது முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன். விற்பனை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. லாபம் மட்டும் நன்றாகக் கூடியிருந்தது. செலவைக் குறைத்துவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த அரையாண்டில் அதே விற்பனைக்கு லாபம் படுத்துவிட்டது. அப்புறம்தான் பழைய அறிக்கையை எடுத்து வரிவரியாகப் பார்த்தேன். விடை உள்ளே 'சரக்கிருப்பு' என்ற ஒரே வரியில் இருந்தது. விற்காத தட்டுகள் கிடங்கில் குவிந்திருந்தன. அந்தக் குவியல்தான் எனக்கு லாபமாகத் தெரிந்திருக்கிறது.

அது எப்படி நடக்கும் என்று கீழே கணக்குப் போட்டே காட்டுகிறேன். கணக்கியல் படித்திருக்க வேண்டியதில்லை. இந்த வருட அறிக்கையையும் போன வருடம் இதே அரையாண்டுக்கு வந்த அறிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

எண்களுக்கு முன்னால் சூளை

இந்தத் தொழிலின் கணக்கு புரிய வேண்டுமானால் சூளை புரிய வேண்டும். களிமண் கலவையை உருளை இயந்திரத்தில் அழுத்தியோ, கூழாகக் கரைத்து பிளாஸ்டர் அச்சில் ஊற்றியோ வடிவம் கொடுக்கிறார்கள். காயவைத்து ஒருமுறை சுடுகிறார்கள். மெருகு பூசி மறுபடி சுடுகிறார்கள். மேலே பூவோ தங்கக் கோடோ வேண்டுமென்றால் பெரும்பாலும் மூன்றாவது முறையும் சூட்டில் போக வேண்டும். எலும்புச் சாம்பல் கலந்த போன் சைனாவுக்கு முதல் சூடே 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கெட்டிப் பீங்கானுக்கு மெருகுச் சூடு 1,400 டிகிரி வரைகூடப் போகும்.

பெரிய ஆலைகளில் இருப்பது சுரங்கச் சூளை. சரக்கு ஏற்றிய வண்டிகள் ஒரு முனையில் நுழைந்து மெதுவாக நகர்ந்து மறுமுனையில் வெளியே வரும். அது இரவும் பகலும் எரிந்துகொண்டே இருக்கும். ஆர்டர் இல்லை என்று மாலையில் அணைத்துவிட்டுக் காலையில் பற்றவைக்கிற சமாச்சாரம் இல்லை. ஆறவைக்கவும் மறுபடி சூடேற்றவும் நாள்கணக்கில் ஆகும், உள்ளே இருக்கும் தீக்கல் சுவரில் விரிசல் விழும். வண்டி பாதி காலியாகப் போனாலும் எரிபொருள் செலவு பாதியாகக் குறையாது.

ஆக, தட்டுகள் எத்தனை செய்தாலும் பெருஞ்செலவு கிட்டத்தட்ட அதேதான். இதை இப்போது யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இங்கிலாந்தில் 1772-ல் கடன் நெருக்கடி வந்து சரக்கு தேங்கியபோது, அங்கே பீங்கான் பாத்திர ஆலை நடத்திய ஜோசையா வெட்ஜ்வுட் தன் ஆலையின் செலவுகளை உட்கார்ந்து ஆராய்ந்தார். அச்சுச் செலவு, வாடகை, பல கூலிகள் எல்லாம் உற்பத்தி கூடினாலும் குறைந்தாலும் கடிகாரம் போல ஓடிக்கொண்டே இருக்கின்றன என்று கூட்டாளிக்கு எழுதினார். அவர் அன்று பிடித்த நூலைத்தான் நாமும் பிடிக்கப் போகிறோம்.

தேதியும் ஒப்பீடும்

முதல் வேலை, இது எந்த ஆறு மாதம் என்று பார்ப்பது. கம்பெனியின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கினால் முதல் அரையாண்டு ஜூனில் முடியும். ஏப்ரலில் தொடங்கினால் செப்டம்பரில். இரண்டு கம்பெனிகளை ஒப்பிடுகிறவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டால், பண்டிகைக்கு முந்திய சரக்கேற்றம் ஒன்றின் கணக்கில் இருக்கும், மற்றதில் இருக்காது.

இன்னொரு பொறி இருக்கிறது, இதில் நிறையப் பேர் விழுகிறார்கள். அரையாண்டு அறிக்கை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் சர்வதேசக் கணக்கியல் தரம் ஐஏஎஸ் 34. அதன்படி லாப நட்டக் கணக்கைப் போன வருடத்தின் இதே ஆறு மாதத்தோடு வைத்துக் காட்ட வேண்டும். ஆனால் இருப்புநிலைக் குறிப்பை, அதாவது அந்தத் தேதியில் கம்பெனிக்கு இருக்கும் சொத்தையும் கடனையும் காட்டும் பட்டியலை, போன நிதியாண்டின் கடைசித் தேதியோடு வைத்துக் காட்டினால் போதும். அதாவது ஜூன் மாதக் கிடங்கு டிசம்பர் மாதக் கிடங்கோடு ஒப்பிடப்படும். வருடக் கடைசியில் பரிசுப்பொருளாக விற்றுத் தீர்ந்த கிடங்கும், அடுத்த சீசனுக்கு நிரப்பிக்கொண்டிருக்கும் கிடங்கும் எப்படி ஒன்றாகும்? அதனால்தான் போன வருட அரையாண்டு அறிக்கையையும் எடுத்து வைக்கச் சொன்னேன். ஜூனை ஜூனோடு பாருங்கள்.

அரையாண்டுக் கணக்கு பெரும்பாலும் முழுத் தணிக்கை செய்யப்பட்டதாக இருக்காது. தணிக்கையாளர் மேலோட்டமாகச் சரிபார்த்திருக்கலாம், அதுவும் இல்லாமல் இருக்கலாம். எது என்று அறிக்கையிலேயே எழுதியிருப்பார்கள். பயப்பட வேண்டாம், கிடங்கை எண்ணுவதிலும் பழைய சரக்கை மதிப்பிடுவதிலும் முழு வருட அறிக்கையில் திருத்தம் வரலாம் என்று மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவது யார்?

வெளியில் பார்த்தால் எல்லாம் தட்டுதான். கணக்கில் இது இரண்டு தொழில். ஒன்று ஹோட்டல்களுக்கும் உணவகங்களுக்கும் விற்பது, இன்னொன்று வீடுகளுக்கு விற்பது.

ஹோட்டலில் தட்டு உடையும். உடைந்தால் அதே வடிவம், அதே விளிம்பு, அதே வெள்ளையில் மாற்றுத் தட்டு வேண்டும். ஒருமுறை ஒரு ஹோட்டலுக்குள் நுழைந்துவிட்ட கம்பெனிக்கு வருடக்கணக்கில் மாற்று ஆர்டர் வந்துகொண்டிருக்கும். இந்த வருமானம் வருடம் முழுக்க ஓரளவு சீராக இருக்கும். மக்கள் வெளியில் சாப்பிடுவது குறைந்தால்தான் அடி. 2020-ன் முதல் பாதியில் உணவகங்கள் மூடப்பட்டபோது இந்தப் பக்கம் விற்பவர்களுக்கு நடந்தது அதுதான். அந்த வருடத்தை அடிப்படையாக வைத்து 2021-ன் வளர்ச்சி விகிதத்தைப் பார்த்தால் யாரும் மேதையாகத் தெரிவார்கள்.

வீட்டுச் சந்தை வேறு மாதிரி. கல்யாணம், பண்டிகை, பரிசு என்று அலை அலையாக வரும். மேல்நாட்டுச் சந்தைகளை நம்பியிருக்கும் கம்பெனிக்கு கிறிஸ்துமஸை ஒட்டிய இரண்டாம் பாதிதான் பெரிய பாதி. முதல் அரையாண்டில் லாபம் மெலிந்திருந்தாலோ சிறு நட்டம் இருந்தாலோ அதிலேயே அதிர்ச்சி அடைய வேண்டியதில்லை. தொழில் இப்படிப் பருவத்தைச் சார்ந்தது என்றால் அறிக்கையில் அதை விளக்க வேண்டும் என்பதும் அதே தரத்தின் விதி. அந்தக் குறிப்பைத் தேடிப் படியுங்கள். முதல் பாதி லாபத்தை இரண்டால் பெருக்கி இதுதான் வருட லாபம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

விற்பனை ஏன் மாறியது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

விற்பனை 8 சதவீதம் கூடியது என்றால் நான்கு கேள்வி கேளுங்கள். அதிகத் தட்டு விற்றார்களா? விலையை ஏற்றினார்களா? வேறு கம்பெனியை வாங்கி அதன் விற்பனையைச் சேர்த்துக்கொண்டார்களா? நாணய மாற்று விகிதம் உதவியதா? நான்குக்கும் எண் கிடைக்காது, ஆனால் நிர்வாகத்தின் விளக்கத்தில் தடயம் இருக்கும். சூளைத் தொழிலில் முதல் கேள்விதான் தலையானது. விலையேற்றத்தால் மட்டும் வளர்ந்து எண்ணிக்கையில் சுருங்கும் கம்பெனிக்கு சூளை வண்டிகள் காலியாகிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம்.

வெளிநாட்டு விற்பனையில் இன்னொன்றும் உண்டு. கம்பெனி விற்பது பெரும்பாலும் அங்குள்ள விநியோகஸ்தருக்கு. அவர் வாங்கிக் கிடங்கில் வைத்தாலே இவர்கள் கணக்கில் விற்பனை. கடைசி வாடிக்கையாளர் வாங்கினாரா என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். இறக்குமதி வரி மாற்றமும் இந்தத் தொழிலை நன்றாகவே ஆட்டும். சீனப் பீங்கான் பாத்திரங்கள் மீது ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் 13.1 முதல் 36.1 சதவீதம் வரை பொருள்குவிப்புத் தடுப்பு வரி (அநியாய மலிவு விலையில் வந்து குவியும் சரக்கைத் தடுக்கும் வரி) விதித்தது ஓர் உதாரணம். வரி வருமுன் முந்திக்கொண்டு அனுப்பிய சரக்கு ஒரு அரையாண்டை அழகாகக் காட்டி, அடுத்ததைக் கெடுத்துவிடும்.

மொத்த லாபமும் எரிபொருளும்

விற்பனையிலிருந்து விற்ற பொருளின் தயாரிப்புச் செலவைக் கழித்தால் மொத்த லாபம். அதை விற்பனையால் வகுத்தால் விகிதம். போன வருடத்தோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் காரணம் தேடுங்கள். முதலில் பார்க்க வேண்டியது எரிவாயு. 2022 ஆகஸ்டில் ஐரோப்பாவில் எரிவாயு விலை உச்சத்தைத் தொட்டபோது, முன்கூட்டியே விலை பேசி ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தவர்களும் அன்றன்றைய விலைக்கு வாங்கியவர்களும் ஒரே தொழிலில் இருந்தும் வேறு வேறு உலகத்தில் இருந்தார்கள். அதனால் அறிக்கையில் தேட வேண்டியது இன்றைய எரிவாயு விலையை அல்ல. எத்தனை மாதத் தேவைக்கு விலை உறுதி செய்திருக்கிறார்கள், அந்த ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதைத்தான். மலிவு ஒப்பந்தம் அடுத்த மாதம் முடியப் போகிறது என்றால் இந்த அரையாண்டின் லாப விகிதம் இரவல் நகை.

அடுத்து, கழிவு. சுடுவதற்கு முன் உடைந்த மண்ணைக் கரைத்து மறுபடி கலவையில் போடலாம். சுட்டபின் விரிசல் விட்டால் மண்ணோடு எரிபொருளும் போச்சு. கொஞ்சம் குறையுள்ளது இரண்டாம் தரமாக மலிவு விலைக்குப் போகும். புது இயந்திரம், புது வடிவம், புதுச் சூளை என்று ஏதாவது தொடங்கிய அரையாண்டில் கழிவு கூடுவது சகஜம். கம்பெனிகள் இந்த விகிதத்தை அபூர்வமாகத்தான் வெளியே சொல்லும். 'உற்பத்தித் திறன் மேம்பட்டது' அல்லது 'தொடக்கச் சிக்கல்கள்' என்ற சொற்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

கிடங்கு: இங்கே நிதானமாகப் படியுங்கள்

இப்போது நான் சொன்ன கணக்கு. ஓர் ஆலையின் அரையாண்டு நிலைச்செலவு 600 என்று வைத்துக்கொள்வோம். கூலி, சூளை எரிபொருள், வாடகை எல்லாம் இதில் அடக்கம். இது தவிர ஒவ்வொரு தட்டுக்கும் மண், மெருகு, அட்டைப்பெட்டி என்று 4 ஆகும். ஆலையின் வழக்கமான உற்பத்தி 100 தட்டு. ஆகவே தட்டு ஒன்றுக்கு நிலைச்செலவின் பங்கு 6, அடக்க விலை 10. விற்கும் விலை 12. இந்த அரையாண்டில் விற்றது 80 தட்டு, வருமானம் 960.

முதல் வழி: 80 விற்கும் என்று தெரிந்து 80 மட்டும் செய்கிறார்கள். மண்ணுக்கும் பெட்டிக்கும் 320, நிலைச்செலவு 600, மொத்தம் 920. லாபம் 40. கைக்கு வந்த பணமும் 40.

இரண்டாம் வழி: சூளையை நிரப்பி 100 தட்டு செய்கிறார்கள். விற்றது அதே 80. கணக்கியல் விதிப்படி விற்ற 80 தட்டின் அடக்கம், அதாவது 800 மட்டும்தான் செலவாக எழுதப்படும். மீதி 20 தட்டு 200 மதிப்புள்ள சரக்காக இருப்புநிலைக் குறிப்புக்குப் போய்விடும். லாபம் 160! ஆனால் உண்மையில் செலவழித்த பணம் 600-ம் 400-ம் சேர்த்து 1,000. வந்தது 960. கையிலிருந்து 40 போயிருக்கிறது.

விற்பனை ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். லாபம் நான்கு மடங்கு, பணமோ குறைவு. இதில் யாரும் பொய்க் கணக்கு எழுதவில்லை என்பதுதான் வேடிக்கை. விதி அப்படி. இந்த மாதிரி ஊதலைக் கட்டுப்படுத்தத்தான் நிலைச்செலவை வழக்கமான உற்பத்தி அளவை வைத்தே பிரிக்க வேண்டும் என்று சரக்கிருப்புக்கான தரமான ஐஏஎஸ் 2 சொல்கிறது. குறைவாகச் செய்துவிட்டு மீதிச் செலவையும் இருக்கிற தட்டுகளின் தலையில் கட்ட முடியாது. இருந்தாலும் வழக்கமான அளவு வரை செய்து குவிப்பதை அந்த விதி தடுக்காது.

சரி, அடுத்த அரையாண்டில் என்ன ஆகும்? மறுபடி 80 விற்கிறது. கிடங்கில் 20 இருப்பதால் 60 மட்டும் செய்கிறார்கள். விற்ற 80-க்கும் அடக்கம் 800. வழக்கத்தைவிட 40 தட்டு குறைவாகச் செய்ததால் யார் தலையிலும் கட்ட முடியாத நிலைச்செலவு 240 நேராக நட்டத்தில் போகிறது. மொத்தம் 1,040. நட்டம் 80. ஆனால் பணத்தைப் பாருங்கள்: செலவழித்தது 840, வந்தது 960, கையில் 120 கூடியிருக்கிறது. இரண்டு அரையாண்டையும் கூட்டினால் லாபம் 80. ஒழுங்காக 80, 80 என்று செய்திருந்தாலும் அதே 80-தான். நான் ஏமாந்தது இந்த இடத்தில்.

அறிக்கையில் இதைப் பிடிக்க ஒரு சின்ன வகுத்தல் போதும். சரக்கிருப்பை, ஆறு மாதத்தில் விற்ற பொருளின் தயாரிப்புச் செலவால் (அடக்கத்தால்) வகுத்து 182-ஆல் பெருக்குங்கள். சரக்கு 500, அடக்கம் 600 என்றால் சுமார் 152 நாள் சரக்கு கிடங்கில் இருக்கிறது. போன வருடம் இதே தேதியில் 120 நாளாக இருந்தது, விற்பனை வளரவில்லை என்றால் லாபத்தைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே பாருங்கள்.

சரக்கு கூடினாலே தப்பு என்று முடிவுகட்டவும் வேண்டாம். சூளையைப் பழுதுபார்க்கச் சில வாரம் நிறுத்தப் போகிறார்கள் என்றால் முன்கூட்டிச் செய்து வைப்பார்கள். பெரிய சங்கிலி ஹோட்டல் ஒன்றுக்கு மொத்தமாக அனுப்ப வேண்டியிருக்கலாம். ஹோட்டல் சந்தையில் இருப்பவர்கள் எந்த அளவு தட்டு எப்போது கேட்டாலும் கொடுக்க வேண்டும், ஆகவே வழக்கமாகவே அதிகம் வைத்திருப்பார்கள். காரணம் சொல்லியிருக்கிறார்களா, அந்தக் காரணம் அடுத்த அறிக்கையில் மெய்யானதா என்பதே கேள்வி.

என்ன சரக்கு என்பதும் முக்கியம். வெள்ளை வட்டத் தட்டு இன்றில்லாவிட்டால் நாளை விற்கும், பீங்கான் கெட்டுப்போகாது. ஆனால் மூன்று வருடத்துக்கு முந்திய பூ வடிவம் கெட்டுப்போகும், ரசனையில். அடக்க விலைக்கும் விற்கமுடியாத சரக்கை மதிப்புக் குறைத்து எழுதியாக வேண்டும். முழு வருட அறிக்கையில் அந்த ஒதுக்கீடு எவ்வளவு என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு ஏறிக்கொண்டே போய், ஒதுக்கீடு மட்டும் அசையாமல் இருந்தால் நான் கூடுதல் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

பணம், கடன், பழைய சுமை

மேலே உள்ள கணக்கைச் செய்து பார்த்தவருக்கு ரொக்கப் பாய்வு அறிக்கை தானாகப் புரியும். செயல்பாட்டு லாபத்துக்குக் கீழே 'சரக்கிருப்பில் மாற்றம்', 'வரவேண்டிய பாக்கியில் மாற்றம்' என்று வரிகள் இருக்கும். பாக்கியும் விற்பனையைவிட வேகமாகக் கூடியிருந்தால், கடைசி வாரங்களில் டீலர்களிடம் சரக்கைத் தள்ளிவிட்டார்களோ என்று யோசிக்கலாம். இயந்திரங்களில் போட்ட முதலீட்டைத் தேய்மானத்தோடு, அதாவது இயந்திரம் பழசாவதற்காகக் கணக்கில் எழுதும் செலவோடு, ஒப்பிடுங்கள். பல வருடமாகத் தேய்மானத்தைவிடக் குறைவாகவே போட்டுவந்தால், ஒருநாள் சூளைச் செலவு மொத்தமாக வந்து நிற்கும்.

கடனைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை, ஒரு சம்பவம் போதும். 1759-ல் தொடங்கிய வெட்ஜ்வுட் பெயரைச் சுமந்த வாட்டர்ஃபோர்ட் வெட்ஜ்வுட் குழுமம் 2009 ஜனவரியில், அந்தப் பெயரின் 250-வது வருடத்தில், கடன் தாங்காமல் கடன்கொடுத்தவர்கள் நியமித்த பொறுப்பாளர்களின் கைக்குப் போனது. பெயருக்குக் குறைவில்லை, வட்டி கட்டத்தான் பணமில்லை.

அதே கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பழைய ஆலைகளில் ஓய்வு பெற்றவர்கள் அதிகம், ஓய்வூதிய நிதியில் பற்றாக்குறையும் அதிகம். அந்தக் குழுமம் விழுந்தபின் சுமார் 13.4 கோடி பவுண்டு ஓய்வூதியப் பற்றாக்குறை, தனி அறக்கட்டளையாக இருந்த வெட்ஜ்வுட் அருங்காட்சியகத்தின் தலையில் விழுந்தது. அதன் ஊழியர்கள் ஒருசிலரும் அதே ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தார்கள் என்பதே காரணம். அருங்காட்சியகத்தின் சேகரிப்பையே விற்கும் நிலை வந்து, 2014-ல் நிதி அமைப்புகளிடமும் பொதுமக்களிடமும் பணம் திரட்டித்தான் காப்பாற்றினார்கள். இருப்புநிலைக் குறிப்பின் அடியில் 'ஓய்வூதியப் பொறுப்பு' என்ற வரி கண்ணில் பட்டால் தாண்டிப் போகாதீர்கள்.

'ஒருமுறைச் செலவுகள்' என்று தனியே எடுத்து வைப்பார்கள். ஒருமுறை வந்தால் ஒருமுறை. நாலு அறிக்கையிலும் வந்தால் அது சம்பளம் மாதிரி வழக்கமான செலவு, லாபத்தில் கழித்துவிடுங்கள்.

கடைசிப் பத்தி: வரும் மாதங்கள்

நிர்வாகம் எதிர்காலத்தைப் பற்றி எழுதும் பத்தியைக் கடைசியில் படியுங்கள், முதலில் அல்ல. எண்களைப் பார்த்துவிட்டு வந்தால் சொற்களின் கனம் தெரியும். 'இரண்டாம் பாதியில் எதிர்பார்ப்புகளுக்கு ஏற்ப' என்றால், முதல் பாதியில் வரவேண்டியதும் சேர்த்து அங்கே ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'விநியோகஸ்தர்கள் தங்கள் இருப்பைக் குறைத்துவருகிறார்கள்' என்றால், முன்னால் விற்றதாகக் காட்டியது இன்னும் அங்கேயே கிடக்கிறது.

'தேவைக்கு ஏற்ப உற்பத்தியைக் குறைத்தோம்' என்ற வாக்கியம் வந்தால், அதன் பக்கத்தில் லாபம் சரிந்த செய்தியும் இருக்கும், சந்தை முகம் சுளிக்கும். நீங்கள் அவசரப்படாமல் இரண்டு வரிகளைத் தேடுங்கள்: சரக்கிருப்பு இறங்கியிருக்கிறதா, கடன் குறைந்திருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால், சூளையைப் பாதி காலியாக ஓட்டும் வலியை அவர்கள் இந்த ஆறு மாதத்திலேயே கணக்கில் எழுதிவிட்டார்கள். அடுத்த கம்பெனி அதே சந்தையில் லாபம் ஏறியதாகச் சொன்னால், அவர்களுடைய கிடங்கு வரியைப் போய்ப் பாருங்கள்.